பெயர் பிறகு சொல்லப்படும்

பியூப்ளோ, கொலராடோ
8 மே 1955

என் அன்பு லிபி,

நலம். தோள்பட்டையும் நலம், அதை நீ தனியாகக் கேட்பாய் என்பதால் தனியாகச் சொல்கிறேன். போன வாரம் மழை வந்து ஆறாவது இன்னிங்ஸோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பாதியைத் தாண்டிவிட்டால் அதுவும் முழு ஆட்டமாகக் கணக்கில் சேரும், அதனால் வெற்றி என் பேரில். சந்தோஷச் செய்தி அதோடு முடிந்தது.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்துவிட்டது, எதிரணியில் ஒருத்தன்கூட என் பந்தை ஒழுங்காக அடித்து ஓடவில்லை. பதினோரு வருஷமாகப் பந்து வீசுகிறேன், ஆறு ஊருக்கு விளையாடியிருக்கிறேன், இந்த மாதிரி ஒரு நாள் வந்ததே இல்லை. இப்படி ஓர் ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போது பேஸ்பால்காரர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பந்து வீசுகிற பிட்சர் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். வாய்விட்டுச் சொன்னால் அதிர்ஷ்டம் போய்விடும், அவ்வளவுதான். நான் பெஞ்சின் ஒரு மூலையில், மற்றவர்கள் எல்லாரும் இன்னொரு மூலையில். அப்போது போன வாரம் வந்து சேர்ந்த டேரல் என்கிற புதுப் பையன் என் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்து, “அண்ணே, கவனிச்சீங்களா? இன்னும் ஒரு பய உங்க பந்தைத் தொடலையே!” என்றான்.

எட்டாவது இன்னிங்ஸில் நான் போட்ட முதல் பந்தையே ஒருத்தன் அடிக்க, அது என் தலைக்கு மேல் பறந்து போயிற்று. எங்கள் கேட்சர் தண்ணீர் வாளியோடு டேரலைத் துரத்தினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜூன் 4ஆம் தேதி லிங்கனில் ஆடுகிறோம். நம் வீட்டிலிருந்து நாற்பது மைல்தான். உனக்கு மூன்றாவது வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வராமல் இருந்துவிடாதே. உன் கடிதங்கள் வரவரச் சுருங்கிக்கொண்டே போகின்றன, அந்தக் குறையை நேரில் பேசுவேன்.

உன்,
எமில்

ஹ்ராடெக், நெப்ராஸ்கா
16 மே 1955

அன்புள்ள எமில்,

மீசை முளைத்த ஆண்கள் இருபத்தைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால்தான் பந்து சரியாகப் போகுமா? அந்த டேரல் பையனை ஒன்றும் சொல்லாதே. அவன் உண்மையைத்தான் சொன்னான்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன. முட்டைப் பெட்டிகளை இப்போது என் தம்பி ஓட்டோதான் டிரக்கில் ஏற்றுகிறான், எனக்கு இடுப்பு கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. காப்பி வாசனை ஏனோ பிடிக்கவில்லை. டின்னை அப்படியே அவனிடமே கொடுத்துவிட்டேன். போனில் கூப்பிடாதே. ஒரே லைனை ஐந்து வீடு பங்கு போடுகிறோம். மிசஸ் பெஷெக் ரிசீவரை எடுத்து வைத்துக்கொண்டு மூச்சு விடுவது எனக்கு இங்கே வரை கேட்கிறது.

லிங்கனுக்கு என்னால் வர முடியாது. அந்தச் சரளைக்கல் ரோட்டில் நம் டிரக் குலுங்குகிற குலுக்கலுக்கு நான் தயாரில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணமும் கேட்காதே. கசகசா வைத்த கொலாச்சே பன் ஒரு பெட்டி ஓட்டோ கையில் கொடுத்தனுப்புகிறேன். எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டு நீ வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

அன்புடன்,
லிபி

லிங்கன், நெப்ராஸ்கா
5 ஜூன் 1955

லிபி,

ஆறுக்கு இரண்டு என்று தோற்றேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மூன்றாவது வரிசையில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தால் வேறென்ன ஆகும்?

ஓட்டோ வந்தான். “அக்கா ஏன் வரல?” என்று கேட்டேன். பெட்டியை என் கையில் திணித்துவிட்டு மேலே கூரையையே பார்த்தான். “கூரையில என்னடா இருக்கு?” என்றேன். “புறா,” என்றான். புறாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

மூன்று மாதமாயிற்று உன் முகத்தைப் பார்த்து. நாற்பது மைல் வர உனக்கு மனசில்லையா? பழைய கோபம் இன்னும் இருக்கிறதா? முன்பு இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போனபோதும் நான் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இது என்றால் நேராகச் சொல்லிவிடு, தாங்கிக்கொள்கிறேன். இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

எமில்

பி.கு. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. பஸ் கிளம்பியதும் உன் மே மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முட்டைப் பெட்டி. காப்பி. சரளைக்கல் ரோடு.

லிபி, நான் எதுவும் கேட்கவில்லை. மேலே எழுதியதை ஒரு வரிகூடப் படிக்காதே. நான் பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஹ்ராடெக்
13 ஜூன் 1955

என் எமில்,

மேலே எழுதியதைப் படிக்கவில்லை. பின்குறிப்பை மட்டும் நாலைந்து தடவை படித்தேன்.

உன் ஆட்களைக் கேலி செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சில விஷயங்களில் அவர்களுக்கு அறிவு உண்டு. முதல் தடவை செய்தி தெரிந்ததும் நீ சந்தோஷத்தில் அணி முழுக்கச் சுருட்டு கொடுத்தாய், உன் அம்மா தொட்டிலை லாரியில் அனுப்பினார்கள், பாதிரியார் பூசையில் பேர் சொல்லி வாழ்த்தினார். இரண்டாவது தடவை நான் மாடி அறைச் சுவருக்கு மஞ்சள் வண்ணமே அடித்துவிட்டேன். பிறகு ஊரில் ஒவ்வொருத்தரிடமும், இல்லை, இனி இல்லை என்று நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மாடி அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். திறக்கவில்லை.

நேற்று கடையில் மிசஸ் பெஷெக் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா லிபி, மூஞ்சியில ஒரு களை தெரியுதே, ஏதாச்சும் விசேஷமா?”

“புது சோப்பு போடறேங்க,” என்றேன்.

அவளும் அதே சோப்பை இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

உன்,
லிபி

சாக்ரமென்டோ, கலிபோர்னியா
29 ஜூன் 1955

என் லிபிக்கு,

விலாசத்தைப் பார்த்தாயா? என்னை மறுபடி வேறு அணிக்கு விற்றுவிட்டார்கள். இந்தத் தடவை கொஞ்சம் மேலான லீக், பெரிய லீக்குக்கு ஒரு படிதான் கீழே. என்னைக் கொடுத்துவிட்டு யாரை வாங்கினார்கள் என்று பேப்பரில் தேடினேன். “பெயர் பிறகு சொல்லப்படும் ஓர் ஆட்டக்காரர்” என்று போட்டிருந்தார்கள். முப்பத்து மூன்று வயதாகிறது, நான் யாருக்குச் சமம் என்று இன்னும் முடிவாகவில்லை. கேட்சர் கட்டிப்பிடித்து அழுதான். டேரல் தன் தொப்பியையே கழற்றிக் கொடுத்தான். மண்டு, ஆனால் நல்ல பையன்.

இங்கே மேனேஜர் டட்லி என்று ஒரு கிழவர். எந்நேரமும் புகையிலையை மென்றுகொண்டு, எதற்கும் சிரிக்காமல் இருப்பார். எனக்கு நேர்மாறு. நான் காரணமில்லாமல் சிரிக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏன் என்கிறார்கள். வெயில் என்கிறேன். ஜூன் 5ஆம் தேதி போட்டிருந்த உள்பனியனைத்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போடுகிறேன். துவைக்கத்தான் செய்கிறேன், பயப்படாதே.

ஆரஞ்சு ஒரு பெட்டி ரயிலில் வருகிறது. வீட்டு வாசலில் மூன்றாவது படி ஆடும், ஓட்டோவை இன்றைக்கே ஆணி அடிக்கச் சொல். ஏன் இன்றைக்கே என்று யாரும் கேட்க வேண்டாம்.

உன்,
எமில்

ஹ்ராடெக்
1 ஆகஸ்ட் 1955

என் செல்லமே,

ஆரஞ்சு முழுவதையும் நானே தின்றேன். ஓட்டோவுக்கு ஒன்றுதான் கொடுத்தேன், அதுவும் படிக்கு ஆணி அடித்த கூலி.

இங்கே பொருட்களெல்லாம் மட்டமாகிவிட்டன. நீல உடை சுருங்கிவிட்டது. பச்சை உடையும் சுருங்கிவிட்டது. செருப்புகூடச் சுருங்குகிறது என்றால் பார்த்துக்கொள். சாயந்திரம் தண்ணீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு ரேடியோவில் ஆட்டம் கேட்கிறேன். உள்ளேயிருந்தும் யாரோ கை தட்டுகிற மாதிரி இருக்கிறது. அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

எமில், எனக்குப் பயமாக இருக்கிறது. எதைப் பற்றி என்று எழுத மாட்டேன். பட்டப்பகலில், கோழிக்குத் தீவனம் போடும்போது திடீரென்று வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே. முன்பு இரண்டு தடவையும் தந்தி கொடுத்து உன்னைக் கூப்பிட்டேன், அதற்குப் பிறகு வந்தாய். ஆட்டம்தான் நமக்குச் சோறு போடுகிறது, உன் மேல் தப்பில்லை. ஆனால் கூப்பிட்டு வருவது வேறு, கூப்பிடாமலே வருவது வேறு. இந்தத் தடவை என்னால் கூப்பிடவும் முடியாது. வா என்று எழுதினால் எதற்கு என்று எழுத வேண்டும். எழுதினால் பேசியதாகிவிடும்.

நீ நன்றாக வீசுகிறாய் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. பெரிய லீக்கில் ஆள் தேடுகிறார்களாமே. அதற்காகத்தானே இத்தனை வருஷம் பஸ்ஸில் தூங்கினாய். கூப்பிட்டால் போ. நான் மனசாரச் சொல்கிறேன். பாதி மனசாரவாவது.

லிபி

சாக்ரமென்டோ
4 செப்டம்பர் 1955

லிபி,

இதை விமானத் தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்து சேரட்டும்.

இன்று மத்தியானம் டட்லி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக்குக் கூப்பிட்டால் விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம், இல்லை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். மேஜை மேல் தந்தி இருந்தது. அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

“எடுத்துப் படிடா. சிகாகோ. பெரிய லீக். செவ்வாய்க்கிழமையே ஆள் வேணுமாம்.”

லிபி, கால் தரையில் பாவவில்லை. நூறு தடவை கனவில் கேட்ட வார்த்தை. ஆனால் என் வாய், “என்னால முடியாது தலைவரே. ஊருக்குப் போகணும்,” என்றது.

“கிறுக்கா உனக்கு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்லை.”

“பொண்டாட்டி சண்டையா?”

“அதெல்லாம் இல்லை.”

“பின்ன என்னடா எழவு காரணம்? வாயைத் திறந்து சொல்லேன்!”

“சொல்ல முடியாது தலைவரே.”

“இப்போ விட்டா மறுபடி கூப்பிட மாட்டான். உன் வயசுக்கு இதுதான் கடைசி.”

“தெரியும்.”

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். என் கண்ணில் என்ன தெரிந்ததோ. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, “எத்தனாவது இன்னிங்ஸ்?” என்றார்.

“எட்டு முடியப்போகுது.”

டட்லி எழுந்தார். தந்தியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அறையின் அந்தக் கோடிக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். “கதவைச் சாத்திட்டுப் போ,” என்றார்.

செவ்வாய்க்கிழமை ரயில். வியாழன் காலை லிங்கனில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வராதே. உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். வாசல் படியின் இந்தக் கோடியில் நான் உட்கார்கிறேன், அந்தக் கோடியில் நீ உட்கார்ந்துகொள். முடிகிற வரைக்கும் அப்படியே இருப்போம்.

நீ கூப்பிடவில்லை. நினைவிருக்கட்டும், நீ கூப்பிடவே இல்லை.

உன்,
எமில்

8 செப்டம்பர் 1955
ஓட்டோ கையில், லிங்கன் ஸ்டேஷனில் கொடுக்க

எமில்,

இனிமேல் நீ பேசலாம்.

ஓட்டோ உன்னைப் பார்த்ததும் கூரையைப் பார்ப்பான், அதனால்தான் நர்ஸிடம் பென்சில் வாங்கி நானே எழுதுகிறேன். மகள். நேற்று விடிகாலையில் பிறந்தாள். நாள் இருக்கும்போதே அவசரப்பட்டு வந்துவிட்டாள். மழை வந்து முன்னாலேயே முடிந்த ஆட்டமும் கணக்கில் சேரும் என்று நீதானே எழுதினாய்? இதுவும் சேரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் சின்னதுதான், ஆனால் முழுசாக இருக்கிறாள். வாயை மூட வேண்டும் என்கிற உங்கள் வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து கத்துகிறாள். மிசஸ் பெஷெக்குக்கு ஹ்ராடெக்கில் போனை எடுக்காமலே கேட்டிருக்கும்.

உன் விமானத் தபால் நேற்று மத்தியானம் வந்தது. ஓட்டோ படுக்கைக்குக் கொண்டுவந்தான். சிகாகோவை விட்டாயே பாவி என்று உன்னை வாய்விட்டுத் திட்டினேன், அப்புறம் அழுதேன், நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டாள். அவள் பிறந்த நேரத்துக்கு நீ பக்கத்தில் இல்லை. ஆனால் யாரும் கூப்பிடாமலே ரயிலில் ஏறியிருந்தாய். நான் வலியில் கிடந்தபோது நீ ஏற்கெனவே பாதி வழியில் இருந்தாய். எனக்கு அது போதும். அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

நேராக ஆஸ்பத்திரிக்கு வா. சரளைக்கல் ரோட்டில் ஓட்டோ எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் திட்டாதே, இனி குலுங்கினால் பரவாயில்லை.

உன்னைக் கொடுத்துவிட்டு யாரை வாங்கினார்கள் என்று கேட்டிருந்தாய் இல்லையா? ஆள் இங்கே என் பக்கத்தில் தூங்குகிறாள். பெயர் பிறகு சொல்லப்படும். நீ வந்ததும்.

உன் லிபி