போகும் கம்பி வாசலில், திரும்பும் கம்பி கொல்லையில்

அனுப்புநர்:
அ. பங்கிராஸ்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கோவில் தெரு, அருளப்பன்பட்டி,
சின்னமனூர் வழி, தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மின் குறைதீர்வு அதிகாரி அவர்கள்,
தேனி மாவட்டம்.

பொருள்: சப்பரத்துக்காக இடம் மாற்றிய நியூட்ரல் கம்பியைப் பழைய இடத்தில் பூட்டித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 16.06.2025 மற்றும் 21.07.2025; தங்கள் பிரிவு அலுவலகப் பதில், நாள் 04.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ஜெயமேரிக்கு இரண்டு காதும் மந்தம். அவருடைய காதுக்கருவியில் போன் பேசுவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால், போனிலிருந்து வரும் காந்தப்புலத்தை வாங்கிக் கருவி பேச்சாக்கிக் கொடுக்கும். அயர்லாந்தில் செவிலியராக இருக்கும் எங்கள் மகள் மெர்லினோடு அவர் பேசுவது அந்தப் பொத்தானை நம்பித்தான்.

2. கடந்த மே மாதத் திருவிழாவில் சப்பரத்தின் உயரத்தை நான்கடி கூட்டினார்கள். பக்தி எத்தனை அடி கூடியது என்று தெரியவில்லை. தெருக் கம்பங்களில் அடியில் ஓடிய நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பும் கம்பி, இடிக்கும் என்று தங்கள் ஊழியர்கள் அதை மட்டும் கழற்றி, என் வீட்டுக் கொல்லைப்புறக் கம்பங்களில் கட்டினார்கள். சப்பரம் மறுநாளே கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. கம்பி இன்னும் திரும்பவில்லை.

3. மின்சாரம் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து ஓடினால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அடக்கிவிடும். இப்போது ஒன்று வாசலில், ஒன்று கொல்லையில், நடுவில் என் வீடு. அடங்காத அந்தப் புலத்தையும் காதுக்கருவி வாங்கிக்கொள்கிறது. தெருக்கோடித் திராட்சைக் கிடங்கில் குளிர்பதன இயந்திரம் இரவு பகலாக ஓடுவதால் ஜெயமேரியின் காதில் மகள் குரல் இல்லை, வெறும் இரைச்சல்தான். இரண்டரை மாதமாகப் போனை என்னிடம் நீட்டி, "என்ன சொல்றா?" என்று கேட்கிறார். நான் கத்திச் சொல்கிறேன். மகள் சொன்னது போல எனக்குச் சொல்ல வரவில்லை, ஐயா.

4. முதல் மனுவுக்கு நேரில் வந்த தங்கள் ஊழியர் சுரேஷ்கண்ணன், "பார்சல் கட்டுற சில்வர் பேப்பரக் காது மிஷின்ல சுத்தச் சொன்னாக சார். கம்பிய மாத்துனா அடுத்த திருவிழாவுக்கு மறுபடி கழட்டணும்ல" என்றார். இந்தக் காந்தப்புலத்தை அந்தத் தாள் தடுக்காது. அவர் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர் என்பதால் பழியில் பாதியை நான் ஏற்கிறேன். இரண்டாம் மனுவுக்கு வந்த பதில், "பாதிக்கப்படும் சாதனத்தைத் தகுந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்தவும்" என்கிறது. இரும்பு ஓரளவு தடுக்கும்தான். ஆனால் சாதனம் இருப்பது என் மனைவியின் காதில். தலையை எந்த அளவுப் பெட்டியில் வைப்பது என்று குறிப்பிட மறந்துவிட்டார்கள்.

5. மெர்லினுக்கு இம்மாதம் 28ஆம் தேதி தலைப்பிரசவம். விசா கிடைக்காததால் நாங்கள் போக முடியவில்லை. பிள்ளையின் அழுகையைப் போனிலாவது கேட்டுவிட வேண்டும் என்று ஜெயமேரி தவிக்கிறார்.

ஆகவே, அதற்குள் கம்பியைப் பழைய இடத்தில் பூட்ட உத்தரவிட வேண்டுகிறேன். அது இயலாதெனில், குழந்தை பிறந்ததும் தகவல் தருகிறேன். எங்கள் தெருவுக்கு அரை மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள். போன மாதம் கரண்ட் போன பதினைந்து நிமிடத்தில்தான் என் மனைவி மகளோடு பேசினார். மின்சாரத்தை நிறுத்துவதில் தங்கள் அலுவலகத்துக்கு இருக்கும் திறமையில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

இடம்: அருளப்பன்பட்டி
நாள்: 12.08.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அ. பங்கிராஸ்