ஒரே இரவில் மஞ்சளாகுமா

அன்பு மகள் லாங்கிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம், நீயும் மெல்போர்ன் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன், சுகம் என்று எழுத மட்டும் இந்த முறை கை வரவில்லை. வியாழக்கிழமை விடியும்போது நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் அண்ணன் மலாக்கி, உன் தங்கை ரூத்தா, குடும்பத் தலைவர் என்ற முறையில் பிலிப்போ பெரியப்பா. வாசலில் மன்னிப்புக் கேட்டு ஒரே பாய்க்கு அடியில் ரூத்தாவின் புருஷன் எசெகியா, அவன் அப்பா தூயி, அவன் சித்தப்பாமார் இரண்டு பேர். ஆக ஒன்பது பேர், யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

புதன்கிழமை மாலை ஜெபம் முடிந்து விளக்கேற்றிய நேரத்தில் எசெகியா ரூத்தாவை ஈரப்பலா பறிக்கும் கழியால் அடித்திருக்கிறான். இரண்டு பல் போய்விட்டது, மேலுதடு மூக்கு வரை கிழிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் போட்டு நம்மிடம் கொண்டுவந்தபோது அவள் மடியெல்லாம் ரத்தம். நர்ஸ் வந்து உதட்டைத் தைத்த பிறகு நான்தான் துடைத்துவிட்டேன். கன்னமும் தோளும் அப்போதுதான் சிவந்து நீலம் பாரித்துக்கொண்டிருந்தன. இடது கையை உயர்த்தினால் அதன் அடியில் பச்சை, முற்றாத பப்பாளித் தோல் மாதிரி. விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். என் கை அப்படியே நின்றுவிட்டது லாங்கி. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது என் காலில் தேங்காய் விழுந்து கன்றியதைப் பார்த்து நீ சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெளியே கசிந்த ரத்தத்தின் சிவப்பைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது, உடம்பு நெருக்கடியில் சிக்கினால் அது பெருகி வரும், சிவப்பை உடைத்து முதலில் பச்சையாக்கும், அந்தப் பச்சை அப்புறம் மஞ்சளாகும், ஆய்வுக்கூடத்தில் நீ பார்ப்பதே அந்த நொதியைத்தான் என்றாய். ரூத்தா பிறந்த மூன்றாம் நாள் மஞ்சளாகிப்போனதும் அதன் வேலைதான் என்றாய். அது இல்லாமல் பிறக்கும் பிள்ளை பிழைப்பதே அபூர்வம், ஆனால் சில நோயில் அது அளவு மீறினால் கெடுதல், புற்றுக்கட்டிக்குக்கூட அது காவல் நிற்கும் என்றும் சொன்னாய். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் என்பதால் மறந்துவிடுவேன் என்று அன்றைக்கே கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்.

பொழுது விடிய அவர்கள் தங்கள் வீட்டிலேயே மிக விலையுயர்ந்த பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு வந்து வாசலில் குனிந்து உட்கார்ந்தார்கள். நம் தீவு வழக்கப்படி நாம் பாயைத் தூக்கிவிட்டால் மன்னித்ததாகும், அப்புறம் போலீஸும் இல்லை பேச்சும் இல்லை, ரூத்தா அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மலாக்கி புதர் வெட்டும் கத்தியோடு இறங்கினான். பாய்க்குள்ளிருந்து தூயி, "சம்பந்தியம்மா, பய குடிச்சிட்டுக் கை நீட்டிட்டான். நேத்து ஒரு நாள்தான். வெட்டுறதுன்னா என் கழுத்த வெட்டுங்க" என்றார். மலாக்கி, "ஒன் கெழட்டுக் கழுத்த வச்சு சூப்புகூட வைக்க முடியாது, மவன வெளிய தள்ளு" என்று சொல்லிக்கொண்டே வீசிவிட்டான். பாயின் ஓரம் கிழிந்து ஒரு சித்தப்பாவின் புறங்கை எலும்பு தெரியும்படி பிளந்தது. அந்த மனிதர் பாயை விட்டு நகரவில்லை. உன் அப்பா மலாக்கியின் மேல் விழுந்து மண்ணோடு அமுக்க, இருவரும் கத்திக்காகப் புரண்டார்கள், பெரியப்பா கத்தியை மிதித்துக்கொண்டு நின்றார். எனக்கும் அந்தக் கத்தியை எடுக்கத்தான் மனசு வந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

நான் ரூத்தாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் சட்டையை விலா வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, பாய்க்குள்ளருந்தே பாருங்க. இந்தப் பாய் எந்த அடிக்கு? இந்தச் செவப்புக்கா, இந்தப் பச்சைக்கா, இந்த மஞ்சளுக்கா?" என்று கேட்டேன். தூயி பார்த்தார், பிறகு திரும்பித் தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார், பழைய அடி அவருக்குத் தெரியாது என்பது அந்த முகத்தில் இருந்தது. எசெகியாதான் பேசினான். "எல்லாம் நேத்து பட்டதுதான் அத்தை. அவ பொறந்தப்பவே மஞ்சளாப் போனவதானே, அவ ரத்தமே அப்பிடி" என்றான்.

பெரியப்பா பாயைத் தூக்கவிடவில்லை, விரட்டவும் இல்லை. அடுத்த மாதம் முதல் திங்கள் பெரியவர்கள் கூடும்போது நான் வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டுமாம். எல்லாம் ஒரு நாள் அடி என்றால் பாயை ஏற்றுக்கொண்டு ரூத்தாவை அனுப்ப வேண்டும், பல நாள் அடி என்றால் மறைத்த அடிக்குப் பாய் செல்லாது, போலீஸுக்குப் போகலாம் என்று தீர்த்துவிட்டார். ரூத்தாவைக் கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். உனக்கு ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. மார்ச்சிலும் மே மாதத்திலும் அவள் வந்தாள், சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் வழுக்கிவிட்டது என்றாள், நான் நம்பி என் கையாலேயே கொண்டுபோய் விட்டுவந்தேன், பெண் பொறுத்துப் போக வேண்டும் என்று புத்தியும் சொன்னேன். நோட்டில் இருக்கிறது, "மார்ச் 9, ரூத்தா, முழங்கை மேல் பச்சை, தேங்காயெண்ணெய் அரைக் குப்பி". எண்ணெய் செலவானதற்காக எழுதியது. பெரியப்பா அதைப் படித்துப் பார்த்து, இதில் நிறம் இருக்கிறது அடித்த கை இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மலாக்கி சாப்பிடாமல் கிடக்கிறான், அவனுக்கு நீ ஒரு வார்த்தை எழுது. உன் அறையில் ஹீட்டரை வைத்துக்கொண்டு ஜன்னலை முழுக்கச் சாத்தாதே, ஞாயிறு ஆராதனையை வேலையைச் சாக்கிட்டு விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையில் இருக்கும் கண்ணாடிக் குழாய்களையும் ஆசீர்வதிக்கட்டும்.

பொய்ச் சத்தியம் என்னால் முடியாது மகளே, என் பிள்ளைக்காகவும் முடியாது. மாலையில் பட்ட அடி மறுநாள் விடியுமுன் மஞ்சளாகுமா, ஆகாதா? பிறந்தபோது மஞ்சள் கண்ட உடம்பில் அந்த நொதி அவன் சொல்வதுபோல் வேகமாக ஓடுமா? நமக்குப் பாதகமாக இருந்தாலும் உள்ளதை எழுது. போதகரின் தங்கை சனிக்கிழமை விமானத்தில் இதைக் கொண்டு வருகிறார், இந்த மாதம் பதினைந்தாம் தேதி இங்கே திரும்பி வருவார். அவர் கையிலேயே பதில் கொடுத்தனுப்பு.

உன் அம்மா,
ரெபெக்கா