முப்பத்தொன்பது படிவங்களும் ஒன்றும்

ஸ்தாரி லூஹி,
1926 அக்டோபர் 20 (நம் கோயில் நாட்காட்டிப்படி)

அன்புள்ள ஓனுஃப்ரி,

நீயும் ஸ்லாவாவும் சுகமா? இங்கே நான் சுகம், பசு சுகம், கூரைதான் சுகமில்லை. மழை பெய்தால் அடுப்படியில் மூன்று பாத்திரம் வைக்கிறேன்.

உன்னைப் போலிஷ்காரர்களின் ஊர்ப் பள்ளிக்கு மாற்றியபோது, இரண்டே வருஷம், பிறகு திரும்பலாம் என்றார்கள். அந்த இரண்டு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். நான் சிறையில் இருந்த மூன்று மாதத்துக்கு மட்டும் என்று ஸ்லாவாவை உன்னிடம் அனுப்பினோம். அதுவும் ஒன்றரை வருஷமாகிவிட்டது. வந்து அழைத்துப் போக எனக்கு நேரம் வாய்க்கவில்லை. முதலில் மகளிர் சங்க மாநாடு, பிறகு ஊர் ஊராகக் கூட்டம், அப்புறம் பாலபாடப் புத்தகம். நீ பக்கத்தில் இருந்தால் என் கோழிக்கிறுக்கலை அழகாகப் படியெடுத்துத் தந்திருப்பாய்.

நம் ஊர்ப் பள்ளியில் இப்போது காலை ஜெபம் மட்டும்தான் உக்ரைன் மொழியில். மற்றதெல்லாம் சர்க்கார் மொழியான போலிஷ். நேற்று பராஸ்கா வந்து, "எம் பொண்ணு வீட்ல வாய மூட மாட்டா டீச்சர். பள்ளிக்கூடத்துல மரம் மாதிரி ஒக்காந்திருக்காளாம்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாற்பது பிள்ளைகளின் தகப்பன்மார் பத்திர எழுத்தர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், அடுத்த வருஷம் நம் மொழியிலும் பாடம் நடத்தியாக வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள். ஊர்த்தலைவர் ப்ரோகிப் "நாப்பது என்னா, நானூறே தரேன்" என்று மார்தட்டினார். வீடு வீடாகப் போனபோதுதான் தெரிந்தது, சர்க்கார் காட்டில் பார்க்கிற வேலை போய்விடும் என்று பாதிப் பேருக்குப் பயம். கெஞ்சிக் கூத்தாடி முப்பத்தொன்பது சேர்த்துவிட்டோம்.

ஸ்லாவா நாற்பதாவது. கோடை விடுமுறையில் அவளை இங்கே கொண்டுவந்து விடுவதாக நீ கையெழுத்துப் போட்டால் போதும். நானே போட்டிருப்பேன், தகப்பன் இல்லாத வீட்டில்தான் தாயின் கையெழுத்து செல்லுமாம். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், வாத்தியார் மட்டும் போய்ச் சேந்திருந்தா இன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்று ப்ரோகிப் வருத்தப்பட்டார். உனக்கு ஆயுசு நூறு.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மகளுக்கு என் முத்தம்.

உன்,
யூஸ்தினா


ஜரோவ்னிக்,
14 நவம்பர் 1926

அன்புள்ள யூஸ்தினா,

உன் கடிதம் வந்தது. ப்ரோகிப்பிடம் சொல், நான் இன்னும் சாகவில்லை, அவர் வசதிக்காகச் சாகும் உத்தேசமும் இல்லை.

ஒன்றைக் கேட்டால் கோபப்படாதே. நாற்பதுக்கு ஒரு தலை குறைந்ததும்தான் உனக்கு மகள் ஞாபகம் வந்ததா? ஒன்றரை வருஷத்தில் அவளை அனுப்பு என்று நீ எழுதிய முதல் கடிதம் இது. எல்லாவற்றையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், தேடியும் பார்த்துவிட்டேன்.

குழந்தைகள் பத்திரிகையில் வந்த உன் புதுக் கதையைப் போன வாரம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்திலேயே அம்மா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் கதை. நன்றாக எழுதியிருக்கிறாய். படித்து முடித்ததும் ஸ்லாவா, "இது யாரோட அம்மா?" என்று கேட்டாள். கதையில் வரும் அம்மா என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். வசந்த காலத்தில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது உனக்குத் தெரியுமா? எழுதினேன். நீ பதிலில் மாநாட்டைப் பற்றி எழுதியிருந்தாய்.

படிவத்துக்கு வருகிறேன். இங்கே என்னோடு மாற்றலாகி வந்தவர் ஒருவர் போன மாதம் இதே கையெழுத்தைப் போட்டார். தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கல போலிருக்கே" என்று சிரித்தபடி கேட்டாராம். மறுவாரமே அவருக்கு வேலை போய்விட்டது. என் சம்பளத்தில்தான் ஸ்லாவா சாப்பிடுகிறாள். மாதம் பிறந்தால் நீயும் அதில்தான் காகிதம் வாங்குகிறாய். நான் உன்னைப் போலத் தைரியசாலி இல்லை. கல்லூரியில் படிக்கும்போதே உனக்கு இது தெரியும், தெரிந்துதான் கட்டிக்கொண்டாய்.

என்னால் முடியாது. மன்னித்துக்கொள்.

ஓனுஃப்ரி


ஸ்தாரி லூஹி,
1926 நவம்பர் 11 (நம் நாட்காட்டிப்படி)

ஓனுஃப்ரி,

நீ சொன்னது அத்தனையும் சரி. மறுத்து நாலு பக்கம் எழுதினேன், அடுப்பில் போட்டுவிட்டேன்.

அம்மை பற்றிய உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன். பிரிக்காமலே மாநாட்டுத் தாள்களுக்கு நடுவில் கிடந்தது. அதைப் படிக்காமல்தான் உனக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ளும்போது எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடு. முப்பத்தொன்பதோடு போய்க் கெஞ்சிப் பார்க்கிறோம்.

யூஸ்தினா


ஸ்தாரி லூஹி,
1927 ஜனவரி 5 (அவர்களுக்கு 18)

அன்புள்ள ஓனுஃப்ரி,

நிக்கோலாய் திருநாளன்று, நம் டிசம்பர் ஆறாம் தேதி, காலையில் போலீஸ்காரர்கள் வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். வாசகசாலையில் நான் பேசிய பேச்சுக்காக என்றார்கள். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடி, பாலபாடக் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டார்கள். இருபத்தாறு நாள் வைத்திருந்துவிட்டு, அடி உதை இல்லாமல் விட்டுவிட்டார்கள். அன்று அவர்களோடு போகும்போது ப்ரோகிப்பிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "முப்பத்தோராம் தேதிக்குள்ள குடுத்துடுங்க."

நம் புதுவருஷத்தன்று வீட்டுக்கு வந்தால், அடுப்புக்குப் பக்கத்தில் படிவக் கட்டை மடியில் வைத்தபடி ப்ரோகிப் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கவில்லை. "மொத நாளே குடுத்தா நாய்க்கு எலும்பு போட்ட மாதிரி, கடிச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிடுவானுங்க, கடைசி நாள்ல குடுப்போம்னு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன் டீச்சர். நேத்து முப்பத்தொண்ணு. நேத்து மாவட்ட ஆபீசுக்குப் போனேன். அந்தக் குமாஸ்தா சிரிக்கிறான். பதிமூணு நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சாம்."

அவரை என்ன சொல்ல? விதைப்பும் விரதமும் கல்யாணமும் பழைய கணக்கில்தானே நடக்கிறது நமக்கு. சர்க்காருக்கு வேறு தேதி என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவள் நான். பத்து வருஷமாகக் கூட்டத்துக்குக் கூட்டம், 'நம் நாட்காட்டியை விடாதீர்கள்' என்று முழங்கியவளும் நான்தான். அந்த மனுஷர் என் பேச்சைக் கேட்டார், அவ்வளவுதான்.

நேற்று நானே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா கோப்பைப் புரட்டி, "ஒங்க ஊர்லேர்ந்து ஒண்ணே ஒண்ணுதாம்மா நேரத்துக்கு வந்திருக்கு. அத வச்சி நான் என்ன பண்ண?" என்றான். காட்டச் சொன்னேன். உன் கையெழுத்து. டிசம்பர் 20 தேதி.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், ஓனுஃப்ரி. சிறையில் கூட அழவில்லை. எங்கள் முப்பத்தொன்பதும் நேரத்துக்குப் போயிருந்தால் உன் ஒன்றோடு நாற்பது சரியாக இருந்திருக்கும். ஏன் என்னிடம் சொல்லவில்லை? அந்தக் காகிதம் இனி யாருக்கும் உதவாது, உன்னை மட்டும் காட்டிக்கொடுக்கும். உன் வேலைக்கு என்னால் ஆபத்து வந்தால் நான் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பது?

பள்ளி போயிற்று. அடுத்த வருஷங்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். இப்போது நான் எழுதவந்தது வேறு. ஸ்லாவாவை அழைத்துக்கொண்டு வா. கோடைக்கு இல்லை, எப்போது முடியுமோ அப்போது. அவள் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. நான் அங்கே வந்து பார்க்கிறேன்.

உன்,
யூஸ்தினா


ஜரோவ்னிக்,
2 பிப்ரவரி 1927

அன்புள்ள யூஸ்தினா,

வேலை போய்விட்டது. திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். சாப்பாடு பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வகுப்புப் பிள்ளைகள் வாசல் வரை வந்தார்கள். போலிஷ் பிள்ளைகளானாலும் பிள்ளைகள்தானே, இரண்டு பேர் அழுதார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். உன் மூன்று பத்திக் கடிதம் வந்தபோது படிவத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நீ 'வெட்கமாக இருக்கிறது' என்று எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு மாதம் மேஜையிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் ஸ்லாவா கணக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், முழுக்கப் போலிஷில். தப்பில்லாமல் சொன்னாள், அருமையாகச் சொன்னாள். எனக்குத்தான் ஏனோ பயமாகிவிட்டது. மறுநாள் எழுத்தரிடம் போனேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அதை மேடையில் பேசியிருப்பாய். என் பயம் அப்படி.

இனிக் காகிதம் வாங்கப் பணம் இல்லை. பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதப் பழகிக்கொள். அந்தப் பாலபாடத்தில் பாதி எனக்கு மனப்பாடம், மறுபடி எழுதிவிடலாம்.

உன் கடிதத்தை ஸ்லாவாவிடமே கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "நாளுதான் முடிஞ்சிடுச்சே. இப்ப எதுக்கு என்னக் கூப்புடறாங்க?"

"எதுக்கும் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?"

"சும்மா."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

பத்தாம் தேதி வியாழக்கிழமை, சர்க்கார் கணக்கில், மதிய வண்டிக்கு வருகிறோம். அன்றைக்குக் கூட்டம் இருந்தால் தள்ளிவை. ப்ரோகிப்பை வண்டியோடு அனுப்பாதே, நீயே ஸ்டேஷனுக்கு வா. அவள் சும்மா வருகிறாள் யூஸ்தினா, நீயும் சும்மா வந்து நில்.

உன்,
ஓனுஃப்ரி