கம்பத்தில் இருப்பது வெறும் டப்பா

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் நாலு நாளாகக் கொதித்துக் கிடக்கிறது, நீ அங்கே சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் பாதி மருந்து. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பஸ் ஓட்டின காலத்தில் இல்லாத அவசரம் ஓய்வு பெற்ற பிறகு வந்திருக்கிறது, மாடிப்படியைத் தாவித் தாவி ஏறுகிறார், நான் சொன்னால் கேட்டால்தானே.

நேற்று நான் போனைப் பாதியில் வைத்தது கோபத்தில்தான். எதுக்கும்மா வம்பு, மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயேன் என்றாய். அப்பா உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார், முழுசாகக் கேள். எங்கள் பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்குப் பின்னால் விடுதிக்குப் போகிற குறுக்குவழி இருக்கிறதே, அங்கே கம்பத்தில் இருக்கிற கேமரா இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. உள்ளே இருந்ததைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் டப்பாவை மட்டும் மேலேயே விட்டுவிட்டார்கள். நான் உட்கார்ந்து கேமராக்களைப் பார்க்கிற அறையில் பதினாறு திரை, அதில் ஒன்பதாவது எப்போதும் கறுப்புதான். மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், கிணற்றில் போட்ட கல்தான். பாதுகாப்பு அதிகாரியிடம் நேரிலேயே கேட்டதற்கு, டப்பா இருந்தாலே போதும்மா, பாக்கிறவன் பயப்படுவான் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், நான் செய்த தப்பு அதுதான்.

போன வாரம் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி, தொலைந்த குடையைத் தேடி என் அறைக்கு வந்தாள். போகும்போது பேச்சுவாக்கில், ஒருத்தன் ரெண்டு வாரமாப் பின்னாலயே வரான்க்கா, ஆனா நான் ஓடமாட்டேன், அந்தக் கேமராக் கம்பத்துக்கு அடியிலயே நின்னுக்குவேன், நீங்க பாத்துட்டு இருப்பீங்கன்னு ஒரு தைரியம், அவன் போனப்புறம்தான் கிளம்புவேன் என்றாள். ஆள் நடமாட்டமே இல்லாத இடம், ஓடவேண்டிய பெண் அங்கே நின்று காத்திருக்கிறாள், யாருமே பார்க்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அப்போதே அவளிடம் உண்மையைச் சொல்லி, அதிகாரியிடம் அழைத்துப் போனேன். அந்த மனுஷன் அவளைப் பார்த்து, ராத்திரி ஏழு மணி வரைக்கும் உனக்கு நூலகத்துல என்ன வேலை என்று கேட்கிறார்! படிக்கிற பெண்ணுக்கு நூலகத்தில் வேறென்ன வேலை இருக்கும், சொல்லு. தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு அட்டையில், இது வெறும் டப்பா, யாரும் பார்ப்பதில்லை, இந்த வழியில் தனியாக வராதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி அந்தக் கம்பத்தில் கட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் பிள்ளைகள் எல்லாரும் படம் எடுத்துவிட்டார்கள், சாயங்காலம் எனக்கு நோட்டீஸ், பாதுகாப்பு இரகசியத்தை வெளியிட்டேனாம். நாளைக்குள் பதில் தராவிட்டால் வேலை போய்விடும், தந்தாலும் போகலாம். அப்பா அழகான கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போடு போதும் என்று பேனாவையும் திறந்து நீட்டினார். பாவம், பயந்துவிட்டார். நான் வேறொன்று எழுதி வைத்திருக்கிறேன். அட்டையில் இருப்பதில் எது பொய் என்று காட்டுங்கள், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், அவ்வளவுதான். காலையில் முதல் வேலையாகக் கொடுக்கப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பட்டினி கிடந்து ஆய்வுக்கூடத்தில் நிற்காதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய், ஆய்வுக்கூடத்திலிருந்து உன் அறைக்குப் போகிற வழியில் இருக்கிற கேமராவெல்லாம் வேலை செய்கிறதா என்று நாளைக்கே போய்க் கேள். வழி முழுக்கக் கேமரா இருக்கும்மா, பயப்படாதே என்று நீ அங்கே போன புதிதில் சொன்னாய், அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை நாள் தூங்கினேன். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் எது வெறும் டப்பா என்று தெரிந்திருக்கும். எதுக்கும்மா வம்பு என்று அவள் மகளும் சொல்லியிருப்பாள். அவள் அந்தப் பேச்சைக் கேட்காதவளாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா