உள்பக்கத்துப் பை

ஆகஸ்ட் 16, 2025 — சனி

இன்று தைத்து முடித்த ஃபிராக்கில் யாமினியின் தலை நுழையவில்லை.

கழுத்துக்குப் பின்னால் திறப்பு வைத்துப் பட்டன் தைக்க வேண்டுமாம். யூடியூப் அம்மாள் அதைச் சொன்ன இடத்தை நான் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன். துணிக்குள் மாட்டிக்கொண்டு "அம்மா, ஐ கான்ட் சீ" என்று குழந்தை கத்த, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே பயம் — பம்பின் டியூப்பை இழுத்துவிட்டேனோ? இழுக்கவில்லை, நல்லவேளை.

பிப்ரவரியில் இவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஏழு வயதில். ஜூனிலிருந்து இன்சுலின் பம்ப். கைக்கு அடக்கமான பெட்டி, அதிலிருந்து மெல்லிய டியூப், அதன் நுனி தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். கையில் ஒட்டிய சென்சார் சர்க்கரை அளவைப் பம்புக்கும் என் போனுக்கும் அனுப்பும்; ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் பம்ப் பீப் என்று கத்தும், இறங்கினால் உடனே ஜூஸ் கொடுக்க வேண்டும். பெட்டியை வைக்க ஏதாவது வேண்டும். கடை ஃபிராக்கில் பை இருக்காது. இருந்தாலும் வெளியே புடைத்துக்கொண்டு தெரியும். தெரியக் கூடாது. அதற்குத்தான் இந்த மெஷின், இந்தப் பாடு எல்லாம்.

ஆகஸ்ட் 18

கீழ்நூல் முழுக்கச் சிக்கல். மெஷினைத் தூக்கி எறியவில்லை. இன்றைய சாதனை அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24 — ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்! ஃபிராக்கின் உள்பக்கம், விலாவை ஒட்டி ஒரு பை. டியூப் நுழைய ஒரு சின்ன ஓட்டை. தையல் பாம்பு மாதிரி நெளிகிறது, ஆனால் நெளிவது உள்ளே. யாருக்குத் தெரியப்போகிறது?

போட்டுக்கொண்டு இந்தியன் கடைக்குப் போனோம். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் விசாலாக்ஷி ஆன்ட்டி. டெக்சஸில் நாங்கள் இருக்கும் இந்தப் பேர்லேண்டில் அவருக்குத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. யாமினியின் கன்னத்தைத் தொட்டு, "என்னடி எழில், கொழந்தை இப்படி எளைச்சுப் போயிட்டா?" என்றார். "ஃபீவர் ஆன்ட்டி, இப்ப ஓகே" என்றேன். வாய் கூசவில்லை. பை அசையாமல் நின்றது, அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

ஸ்கூல் நர்ஸுக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியும். பஸ் ஓட்டுபவருக்குக்கூடத் தெரியும். நம்ம ஆட்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. என் கணவர் ரஞ்சித் சொல்வது இது: "பொம்பளப் புள்ள எழில். இங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சா நாளைக்கே ஈரோட்டுக்குத் தெரியும். அவ பெருசானாலும் அதையேதான் பேசுவாங்க." நான் மறுத்தேனா என்ன? மறைப்பதில் அவரைவிட நான்தான் கெட்டி.

செப்டம்பர் 13

ஆன்ட்டி வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு. 27ஆம் தேதி, சனி. பெண் குழந்தைகள் கோலாட்டம் ஆட வேண்டுமாம். யாமினி குதிக்கிறாள். என் பச்சைப் பட்டுப் புடவையை எடுத்தேன். வெட்டும்போது ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது.

செப்டம்பர் 20

பட்டு கையில் நிற்காமல் வழுக்குகிறது. பாடி வைத்த பாவாடையாகத் தைத்துவிட ஆசை. தோளிலிருந்து தொங்கினால் இடுப்பைப் பிடிக்காது. ஆனால் பாடியின் கைவளைவு வரவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு பக்கம் தொங்குகிறது. பிரிக்கிறேன், தைக்கிறேன், மறுபடியும் பிரிக்கிறேன்.

போதும். நாடாவே வைத்துவிடுகிறேன். இறுக்கிக் கட்டினால் நிற்கும். பம்புக்கு இடுப்புப் பட்டியின் உள்பக்கம், முதுகுப் பக்கமாக ஒரு பை. மேலே சட்டை வந்துவிடும். கடவுளே நினைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

செப்டம்பர் 28 — ஞாயிறு

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். தூங்குகிறாள். கையில் ட்ரிப்ஸ். இப்போது பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று மதியமே பாவாடை கட்டிவிட்டேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று நன்றாக இறுக்கி. முதலில் மீனாக்ஷி கோயில். அங்கே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். போனில் சர்க்கரை ஏறுவதைப் பார்த்தேன். பொங்கல்தானே, இறங்கிவிடும் என்று பம்பில் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் அழுத்தினேன். அது உள்ளே போகவே இல்லை. நாடா டியூப்பை நெரித்துக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி வீட்டு வாசலில் இன்னொன்றும் செய்தேன். எழுதவே கை வரவில்லை. பம்பின் சத்தத்தை நிறுத்தி, அதிர்வில் வைத்தேன். அத்தனை பேர் நடுவில் பீப் என்று கத்தினால் என்ன பதில் சொல்வது? யாமினியிடம், "யார் முன்னாடியும் இத வெளிய எடுக்கக் கூடாது, சரியா?" என்றேன். தலையாட்டினாள்.

என் கைப்பை, போனோடு, படுக்கையறையில் மற்றவர்களின் பைகளுக்கு அடியில் கிடந்தது. நான் சுண்டல் பரிமாறிக்கொண்டிருந்தேன். குழந்தை ஆடினாள். முகம் சிவந்திருந்தது. "என்ன கலரு பாரு பட்டுல!" என்றார் யாரோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காரில் ஏறியதும் வாந்தி. மறுபடி வாந்தி. போனைப் பார்த்தேன், சர்க்கரை எகிறிக் கிடந்தது — ஐயோ, என் தலைல நானே கல்லப் போட்டுக்கிட்டேனே. ரஞ்சித் ஃப்ரீவேயில் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. பின்சீட்டில் நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம். அதற்குக் குறுக்கே டியூப்பின் தடம்.

காலையில் கண் விழித்தவள் என்னைத் திட்டவில்லை, அழவில்லை.

"இட் வாஸ் ஷேக்கிங், அம்மா. அ லாட். பட் யூ செட் டோன்ட் டேக் இட் அவுட்."

செப்டம்பர் 29

சொன்னபடி கேட்டாள். நான் சொன்னதைத்தான் கேட்டாள்.

அக்டோபர் 4 — சனி

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாயிற்று. நான் தைத்த எதையும் போட மாட்டேன் என்கிறாள். நைட் பேன்ட், அதன் மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட் பை. ஸ்கூலுக்கும் அதேதான். ஆகஸ்டில் தைத்த பூப்போட்ட ஃபிராக்கை எடுத்துக் காட்டினால் கதவுப் பக்கம் நகர்ந்துகொள்கிறாள். என்னைப் பார்த்துப் பயப்படுகிறாளா? அந்தத் துணியைப் பார்த்தா? கேட்கத் தைரியமில்லை.

ரஞ்சித்தோடு சண்டை.

"நாடாவ அப்படி இறுக்கிக் கட்டச் சொல்லி உன்கிட்ட யாரு எழில் சொன்னது?"

"மறைக்கச் சொன்னது யாருங்க?"

அப்புறம் அவர் பாவாடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தையல் பிரிக்கும் ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தார். பட்டு கிழியாமல் பிரித்தார்.

அக்டோபர் 9

யாமினி தானாகவே மெஷின் பக்கம் வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாளோ என்று.

"கேன் யூ புட் இட் இன் த ஃப்ரன்ட்? ஐ வாண்ட் டு சீ இட்."

"முன்னாடியா? எல்லாருக்கும் தெரியுமே கண்ணு." வாய் தானாக முந்திக்கொண்டது. சீ!

யாமினி காத்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றேன். "எந்த எடம்னு நீயே காட்டு."

நெஞ்சுக்குக் கீழே, நடுவில் விரலை வைத்தாள்.

அக்டோபர் 12

பிரித்த பட்டுத் துணியையே பாவாடைக்கு எடுத்தேன். இந்த முறை பாடி வைத்தே தீருவேன். நாடா கிடையாது. கைவளைவைப் பேப்பரில் வெட்டி, பழைய பெட்ஷீட்டில் தைத்து, அவள் மேல் போட்டுப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். கையைத் தூக்கு, குனி, குதி என்றேன். எல்லாம் செய்தாள். "இஸ் இட் டைட்?" என்று நான் கேட்க, "நோ" என்றாள். பொய்யா என்று முகத்தைப் பார்த்தேன். விரலை உள்ளே விட்டும் பார்த்தேன்.

பையை வெளியே வைத்துத் தைக்கும்போதுதான் தெரிகிறது, என் தையல் எவ்வளவு கோணல் என்று. நேராக வரும்வரை பிரித்தேன். பையின் முன்பக்கம் வலைத்துணி. பம்பின் திரை அப்படியே தெரிகிறது. சத்தம் முழுதாக வைத்தாயிற்று.

அக்டோபர் 18 — சனி

கோயில் ஹாலில் தீபாவளி விழா. காரிலிருந்து இறங்கியதும் யாமினியின் பைக்குள் பம்ப் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். ரஞ்சித் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

உள்ளே நுழைந்ததும் விசாலாக்ஷி ஆன்ட்டி. "அட, பாவாடைல பாக்கெட்டா? என்னடி கண்ணு அது, போனா?"

யாமினி என் முகத்தைப் பார்த்தாள். கொலு வீட்டு வாசலில் பார்த்த அதே பார்வை. தாங்க முடியவில்லை எனக்கு.

"இன்சுலின் பம்ப் ஆன்ட்டி. அவளுக்குச் சர்க்கரை. பிப்ரவரிலேர்ந்து," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"ஐயையோ, இந்த வயசுலயா? பொண் கொழந்தைக்கா?" எந்த வார்த்தைகளுக்குப் பயந்தேனோ அதே வார்த்தைகள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். ரஞ்சித், "ஆமாங்க ஆன்ட்டி, இந்த வயசுலயும் வரும்" என்றார். யாமினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழந்தைகளிடம் ஓடிவிட்டாள்.

நடன நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஆன்ட்டி ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது ஹாலின் அந்தக் கோடியிலிருந்து பீப், பீப். கூடவே, பாட்டையும் மீறி, நெஞ்சுப் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு யாமினி கத்தினாள்:

"அம்மா! ஐம் லோ! ஜூஸ்!"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜூஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் ஓடினேன்.