கப்பித்தானைக் கடித்த எலி

பெப்ரவரி 4, 2025

இன்று பக்கத்து வீட்டு ஜெசிதா அக்கா மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டார்: "காசு சேர்க்கிறியாம், கோயிலுக்கோ?"

"இல்லை அக்கா, கொம்பியூட்டர் விளையாட்டுக்கு."

"சின்னப் பிள்ளையளுக்கோ?"

இருநூறு பக்க விதிநூல் உள்ள விளையாட்டைச் சின்னப் பிள்ளை விளையாடினால் அதற்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓடி ஓடிச் சுடுவதல்ல இது. ஒவ்வொரு அடிக்கும் பகடை உருட்டி, கணக்குப் பார்த்து, யோசித்து நகரும் பழைய பாணி. யாரும் இப்போது செய்வதில்லை. அதனால்தான் நான் செய்கிறேன்.

காசு சேர்த்துத் தரும் இணையத்தளம் ஒன்றில் ஊர் உலகத்திடம் கேட்டிருக்கிறோம். மாத முடிவுக்குள் முழுத்தொகையும் சேர வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் எங்கள் குருநகரை விட்டுக் கொழும்புக்குப் போய், பழையபடி வங்கிகளுக்கு மென்பொருள் எழுத வேண்டும்.

பெப்ரவரி 8

நோர்வேயிலிருந்து அடைக்கலநாதன் பெரியப்பா எல்லாரையும் விடப் பெரிய தொகை போட்டிருக்கிறார்! அதற்குப் பரிசு, கதாநாயகனுக்கு அவர் பெயர். கப்பல் தலைவன், கப்பித்தான் அடைக்கலநாதன். மீசை பெரிதாக வேண்டுமாம். படம் வரைவது என் கணவன் கிறிஸ்ரோபரின் வேலை. இரண்டு மீசை வரைந்து அனுப்பினான். இரண்டும் போதாதாம்.

பெப்ரவரி 15

ஐயோ.

நேரடி ஒளிபரப்பில் விளையாடிக் காட்டினேன். நோர்வேயில் சொந்தக்காரர் எல்லாரும் பெரியப்பா வீட்டில் கூடியிருந்து பார்த்தார்கள். கப்பித்தான் கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கினார். ஓர் எலி. அதன் இருபது முகப் பகடையில் ஆகக்கூடிய இருபது விழுந்தது. முதல் கடியிலேயே ஆள் சரி.

உடனே போன். "பிள்ளை, நான் புயலுக்கே தப்பின ஆள். எலி கடிச்சோ சாகிறது?"

"பகடை அப்பிடி விழுந்திட்டுது பெரியப்பா."

"அப்ப பகடையை மாத்து!"

பெப்ரவரி 16

மாற்ற மாட்டேன். "ஒரு இலக்கம்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?" என்கிறான் கிறிஸ்ரோபர். எனக்குத் தெரியுமே! காசு போட்டவரைக் கடிக்காத எலியை வைத்து என்ன விளையாட்டு?

மத்தியானம் பெரியப்பா போட்ட காசைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் செய்தது நேர்மையா, வெறும் வீம்பா?

பெப்ரவரி 18

அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு வேலை பார்த்தேன்.

பெப்ரவரி 20

பேதுரு சித்தப்பா வந்தார். பெரியப்பாவுக்குத் தம்பி முறை. முப்பது வருடத்துக்கு முந்திய பெருநாள் படகோட்டத்தில் யார் முதலாவது என்று சண்டை பிடித்தவர்கள், இன்றுவரை பேச்சில்லை.

"சந்தையிலை கதைக்கினம். உந்த எலிக்கு என்ரை பேரை வைக்க எவ்வளவு காசு முடியும்?"

அப்படியொரு பரிசு எங்களிடம் இல்லை. அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

பெப்ரவரி 23

நம் சனத்துக்குள் இவ்வளவு பகையா! ரொறொன்ரோவில் ஒருவர் நண்டுக்குத் தன் சகலனின் பெயரை வைத்தார். லண்டனில் ஒருத்தி வௌவாலுக்கு மாமியாரின் பெயர். மாமியார் அன்றைக்கே மருமகள் பெயரில் ஒரு பூதம் வாங்கிவிட்டார்.

பெப்ரவரி 28

கடைசி நாள். இன்னும் குறைகிறது. காலையில் கொழும்புக்குக் கொண்டுபோகும் பெட்டியைத் தூசி தட்டினேன்.

அப்போது பெரியப்பாவின் போன். "எண்பத்தேழாம் விதி. சொந்தக் கப்பலிலை கப்பித்தான்தான் முதல் அடிக்க வேணும். எலி எப்பிடி முந்திச்சு? விதியை மாத்தச் சொல்லேல்லை, எழுதினபடி செய்."

விதிநூலைத் திறந்து பார்த்தேன். ஓம். கொம்பியூட்டருக்கு எழுதினதிலை என்ரை பிழை!

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம், மனிசன் முழுக்க வாசித்திருக்கிறார்! கட்டின புருசனே வாசிக்காத புத்தகத்தை! பிழையைத் திருத்தினேன். பின்னேரம் அவருடைய காசு திரும்பி வந்தது. தொகை நிரம்பியது. பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

மார்ச் 2

திருத்திய விளையாட்டில் பேதுரு என்ற எலியைக் கப்பித்தான் ஒரே வெட்டில் முடித்தார். பார்த்துக்கொண்டிருந்த பேதுரு சித்தப்பா விதிநூலில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 9

இன்று அதோடு திரும்பி வந்தார். பாதிப் பக்கங்களுக்கு நுனி மடித்திருந்தார்.

"நோர்வேக்கு ஒரு போன் எடு."

எடுத்துக் கொடுத்தேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணை, நான் பேதுரு. எண்பத்தெட்டாம் விதியை வாசிச்சனியளோ?"

அந்தப் பக்கம் பெரியப்பாவின் குரல்:

"கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன். போனை வையாதை."