தஸ்னீம் மேசைக்கு வந்த நண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, பக்கத்து மேசை தஸ்னீமைத் தவிர. திருவொற்றியூரில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை, கம்பெனிகளுக்கு ஆள் சேர்ப்பது. மாதம் நான் நாற்பது பேரைச் சேர்க்கிறேன். அவள் இருபதைத் தாண்டுவதில்லை. ஷிப்டு முடியும் நேரத்தில் ஆட்களைக் கம்பெனி வாசலுக்குக் கூட்டிப்போய், வெளியே வருகிறவர்களிடமே விசாரிக்கச் சொல்வாள். பாதிப்பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

ஆனாலும் நெட்டுக்குப்பம் சிவந்தி அக்கா நண்டு கொண்டுவந்து கொடுத்தது அவளுக்குத்தான்! அக்கா மகனுக்கு முதலில் வேலை வாங்கிக் கொடுத்தவள் நான். நாலே நாளில் நின்றுவிட்டான். தஸ்னீம் சேர்த்த இடத்தில் நிலைத்துவிட்டான். நண்டு ஏன் அவளுக்கு மட்டும் என்று அக்காவிடம் கேட்டே விட்டேன்.

“நீ சம்பளத்த மட்டும் சொன்னம்மா. அந்தப் பொண்ணு தூசி கீதுன்னும் சொல்லிச்சு” என்றார்.

நேற்று நானும் ஒருவரை வாசலுக்குக் கூட்டிப்போனேன். “வாணாம்மா” என்று போய்விட்டார். வயிறெரிந்தது. இன்று காலை அதே ஆள் தன் தங்கையை அழைத்துவந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தார். தஸ்னீம் பார்த்தாள். பார்க்கட்டும்.

நீங்கள் அரைத்த மசாலாப்பொடி அரைக் கிலோ அனுப்புங்கள். ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆட்கள் காத்திருக்கிறார்கள், முடிக்கிறேன்.

நண்டு இன்னும் வரவில்லை. வரும்.

உங்கள் பெர்சிஸ்